சுவருக்கு உடுத்தும் முன்

ஷஅபான் பிறை பிறந்துவிட்டால் நம் ஊர்களில் பெயிண்டருக்கும் வெள்ளையடிப்பவருக்கும் கிராக்கி கூடிவிடுகிறது. ரமளானுக்கு முன் வீடு புதிதாக வேண்டும், பெருநாளன்று வருகிறவர்களின் கண்ணில் பழைய சுவர் படக்கூடாது என்ற நினைப்பு ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. புது வண்ணம், புதுத் திரைச்சீலை, சோபா உறை, வாசலில் மின்னும் சீரியல் விளக்கு ஆகியவற்றோடு, அண்மைக் காலமாகப் பிறையும் நட்சத்திரமும் தொங்கும் தங்க நிறக் காகித அலங்காரமும் 'ரமளான் கரீம்' என்று எழுதிய பலகையும் சேர்ந்துகொண்டன. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருவோர் கொண்டுவந்த வழக்கம் இப்போது கைப்பேசி வழியே எல்லா வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அலங்காரம் கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை. பெருநாள் மகிழ்ச்சிக்குரிய நாள். பெருநாளன்று நபி (ஸல்) அவர்களின் பள்ளியில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியதையும், அதை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்து மகிழ நபியவர்கள் இடமளித்ததையும் புகாரியில் காண்கிறோம். மகிழ்ச்சிக்கு மார்க்கத்தில் இடமிருக்கிறது. எது ஆகும், எது ஆகாது என்ற சட்ட விளக்கம் ஆலிம்களின் பணி. அதை அவர்களிடமே விட்டுவிடுவோம். நம்முடைய கேள்வி எளியது. வீட்டில் வாழ்கிறவர்களுக்காக வீட்டை ஆயத்தப்படுத்துகிறோமா, வந்து பார்க்கிறவர்களுக்காகவா?

இரண்டும் ஒன்றாகவே நடக்கலாமே என்று தோன்றும். கையில் தாராளமாகப் பணம் இருப்பவருக்கு நடக்கலாம். அளவான வருவாயுள்ள குடும்பத்தில் இரண்டும் போட்டியிடுகின்றன, பெரும்பாலும் பின்னதே வெல்கிறது. முன்கூடம் புது வண்ணத்தில் பளிச்சிடும். பின்கட்டில் குளியலறைத் தரை பாசி பிடித்துக் கிடக்கும், அதில்தான் எழுபது வயது உம்மும்மா பஜ்ருக்கு ஒளுச் செய்யப் போவார். வாசலில் விளக்குச் சரம் விடிய விடிய எரியும். சஹர் நேரத்தில் சமைக்கும் பெண்ணுக்கு அடுப்படியில் மங்கிய ஒற்றை பல்புதான் இருக்கும். இத்தகைய வீடுகள் எத்தனை என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் இதைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடாவது நினைவுக்கு வரும்.

வீட்டை நிம்மதிக்குரிய இடமாக அமைத்துத் தந்ததை அல்லாஹ் தன் அருட்கொடைகளில் ஒன்றாகச் சொல்கிறான் (அந்நஹ்ல், 80). அதே வசனத்தில் தோலால் ஆன கூடாரங்களும், கம்பளியும் உரோமமும் கொண்டு செய்த தட்டுமுட்டுப் பொருட்களும் ஒரு காலம்வரை பயன்படுபவையாகக் குறிக்கப்படுகின்றன. நிம்மதி முதலில் வருகிறது. பொருள் அதற்குத் துணையாக வருகிறது.

ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு நிகழ்வு உண்டு. நபி (ஸல்) அவர்கள் பயணம் சென்றிருந்தபோது ஆயிஷா (ரலி) அவர்கள் வாசலில் ஒரு திரையைத் தொங்கவிட்டார்கள். திரும்பி வந்த நபியவர்களின் முகத்தில் அதிருப்தி தெரிந்தது. அதைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்துமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிடவில்லை என்ற கருத்தில் கூறினார்கள். இதுவரை பலர் கேட்டிருப்பர். பின்னர் நடந்ததை நாம் குறைவாகவே பேசுகிறோம். ஆயிஷா (ரலி) அவர்கள் அந்தத் துணியை எறிந்துவிடவில்லை. வெட்டி, பேரீச்ச நார் அடைத்து, இரண்டு தலையணைகள் செய்தார்கள். அதை நபியவர்கள் குறை கூறவில்லை. சுவரை மூடியிருந்த துணி மனிதர் சாய்ந்துகொள்ளும் பொருளாக மாறியது. பழைய துணியிலிருந்து புதுப் பயன் எடுக்கும் கைவேலைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி நமக்கு வேண்டுமா?

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பொருளை முடிக்க இயலாது. பெருநாளுக்கு முந்திய வாரங்களில் நகை அடகுக் கடைகளுக்கும், வாரத் தவணை வசூலிக்கும் குழுக் கடனுக்கும், தண்டல்காரருக்கும் நம் பெண்கள் போகிறார்கள். போகிற காரணங்களில் வீட்டுக்கு வண்ணம் பூசுவதும் புது சோபா வாங்குவதும் இருக்கின்றன. மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் வாங்கும் கடனின் நெருக்கடி வேறு. அதைப் பற்றி இங்கே தீர்ப்புச் சொல்ல மாட்டோம். ஆனால் பகலெல்லாம் பசித்திருந்து, இரவெல்லாம் நின்று தொழுது பெறும் நன்மையின் நடுவே, திரைச்சீலைக்காக வட்டியின் வாசலை மிதிப்பது மனத்தை வருத்துகிறது. 'தவணைக்கு வட்டியே இல்லை' என்று கடைக்காரர் சொல்லும் திட்டங்களிலும் கைமாற்றுக் கட்டணம், தாமதக் கட்டணம் என்று எதுவெல்லாம் ஒளிந்திருக்கின்றன என்பதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். இப்பருவத்தில் கடன் வாங்காமல் கைப்பணத்தில் முடிகிற வேலைகள் ஏராளம். அவற்றில் சிலவற்றை விரிவாகவே சொல்வோம்.

குழாயிலிருந்து தொடங்குவோம். சொட்டும் குழாய் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அந்தச் சத்தம் பழகிப்போய் நமக்குக் கேட்பதும் இல்லை. இன்று இரவு அதன் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் வாளியில் இருக்கும் நீரைப் பார்த்தபின், நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்ற ஹதீஸை நினைத்துப் பாருங்கள். முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு, ஏறத்தாழ முக்கால் லிட்டர். நம் குழாய் வீணாக்கியதில் எத்தனை பேர் ஒளுச் செய்திருக்கலாம்!

பழைய வகைத் திருகுக் குழாயில் பெரும்பாலும் தேய்ந்திருப்பது உள்ளே இருக்கும் வாஷர்தான். மேல்தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடுங்கள், குழாயில் மிச்சமிருக்கும் நீரை வடியவிடுங்கள், தலைப்பகுதியை ஸ்பேனரால் கழற்றுங்கள், பழைய வாஷரைக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று அதே அளவில் புதியது வாங்கிப் பொருத்துங்கள். சில ரூபாய்தான் ஆகும். குழாய் சுவரில் சேரும் இடத்தில் கசிந்தால், கழற்றி, மரையைத் துடைத்து, டெஃப்லான் டேப்பை மரை செல்லும் திசையிலேயே ஐந்தாறு சுற்று இறுக்கமாகச் சுற்றி மீண்டும் மாட்டலாம். எதிர்த்திசையில் சுற்றினால் குழாயைத் திருகும்போதே டேப் பிரிந்து வந்துவிடும். முதன்முறை செய்கிறவர்கள் தவறுவது இங்கேதான். கைப்பிடியைத் திருப்பியவுடன் திறக்கும் புதுவகைக் குழாய்களுக்குள் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதை அப்படியே மாற்ற வேண்டும்.

அடுத்து குளியலறைத் தரை. பாசியைத் தேய்த்து அகற்றுவது நாம் எல்லோரும் அறிந்த வேலைதான். ஆயினும் பெருநாள் துப்புரவு நடக்கும் வீடுகளில் ஓர் ஆபத்து இருக்கிறது. ப்ளீச்சிங் பவுடரைத் தூவிய தரையில், 'இன்னும் வெளுக்கட்டும்' என்று ஆசிட்டையோ கழிப்பறை கழுவும் திரவத்தையோ ஊற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சிறு அறையில், நோன்போடு குனிந்து தேய்க்கும் பெண்ணின் நுரையீரலுக்கு அது நஞ்சு. ஒன்றைப் பயன்படுத்தினால் நன்றாகக் கழுவிவிட்ட பிறகும் அன்றைக்கு மற்றொன்றைத் தொட வேண்டாம். கண் எரிச்சலோ மூச்சுத்திணறலோ தெரிந்தால் வேலையை அப்படியே விட்டுவிட்டு வெளியே காற்றோட்டத்துக்கு வந்துவிட வேண்டும். மூச்சு சீராகாவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை வீட்டுவேலைக்கு வரும் பெண்ணுக்கும் சொல்லிவையுங்கள். அவருடைய மூச்சுக்கும் நாம் பொறுப்பு.

தரை சுத்தமான பிறகு, கழிப்பறைக்கும் ஒளுச் செய்யும் இடத்துக்கும் அருகே சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழ முயன்று, அது சுவரோடு பெயர்ந்து வந்து விழுந்த முதியவர்கள் உண்டு. அது துண்டின் எடைக்காகச் செய்யப்பட்டது. எடை தாங்கும் எஃகுக் கம்பியை, டைலுக்குப் பின்னால் உள்ள உறுதியான செங்கல் சுவர்வரை துளையிட்டு, தடித்த திருகாணியும் பிளக்கும் கொண்டு இறுக்க வேண்டும். துளையிடும் முன் உள்ளே குழாயும் மின்கம்பியும் எந்த வழியாகப் போகின்றன என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கையில் டிரில் பழக்கமில்லையென்றால் இந்த ஒரு வேலைக்கு ஆள் வைப்பதில் தவறில்லை. முன்கூடத்து வண்ணத்துக்குக் கொடுக்கும் கூலியைவிட இதற்குக் கொடுப்பது மேல்.

இனிச் சுவர். வண்ணம் பூசும் முன் சுவர் ஏன் கெட்டது என்று கேட்க வேண்டும். அடியில் உப்புப் பூத்து, காரை பொருக்குப் பொருக்காக உதிர்கிறதென்றால் எங்கிருந்தோ ஈரம் ஏறுகிறது என்று பொருள். அதன்மேல் விலையுயர்ந்த பெயிண்டைப் பூசினால் அடுத்த மழைக்குள் கொப்புளித்துவிடும். பணம் போனது தவிர வேறு பயனில்லை. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நீர்த்துளிகள் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் இருந்தால் அடுப்பு ஆவியும் காற்றோட்டமின்மையும் காரணம். சன்னலைத் திறந்துவைப்பதே அதற்கு மருந்து. சுவருக்குள்ளிருந்து வந்தால் பின்புறக் குளியலறையின் குழாய், மொட்டைமாடியில் சருகடைத்த நீர்ப்போக்குத் துளை, சுவரோரம் தேங்கும் நீர் ஆகிய மூன்றையும் முதலில் பார்ப்போம். மாடித் துளையின் சருகை அள்ளிப் போடுவதற்குக் காசே ஆகாது. அதைச் செய்யாததால் சுவருக்குச் செலவழிப்பவர்தான் அதிகம்.

சுவர் காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடிப்பதை நாம் பரிந்துரைப்போம். இன்று அது ஏழ்மையின் அடையாளமாகப் பார்க்கப்படுவது வருத்தத்துக்குரியது. நம் கடற்கரை ஊர்களின் பழைய வீடுகள் கிளிஞ்சல் சுண்ணாம்பால் பூசப்பட்டவை. அவற்றின் சுவர்கள் ஈரத்தை உள்ளே அடைத்துவைக்காமல் வெளியே விட்டுவிடும். சுண்ணாம்பு பூஞ்சணத்தையும் அவ்வளவாக அண்டவிடாது. சுண்ணாம்புக் கல் வாங்கினால் நீரில் இடும்போது கொதிக்கும். மெல்லிய பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டில் இளகும். இரும்புத் தொட்டியில் முதலில் நீரை ஊற்றி, கல்லைச் சிறிது சிறிதாக இட்டு, ஓர் இரவு விட வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாமென்றால் நீற்றிய பொடியே பையில் கிடைக்கிறது. பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குச் சிறிது வடிகஞ்சியோ பசையோ கலந்து, பழுப்புத் தெரியாமலிருக்கச் சில துளி நீலம் விட்டால் போதும். சுவரைச் சுரண்டி, நீர் தெளித்து நனைத்துவிட்டு, நீர்க்க ஒரு முறை, காய்ந்தபின் மறுமுறை அடியுங்கள். ஈரமாயிருக்கையில் சுவர் தெரிகிறதே என்று அஞ்சி அள்ளிப் பூசிவிட வேண்டாம். காயக் காயத்தான் வெண்மை எழும்பும், தடித்துப் பூசினால் செதில் செதிலாக உதிரும். ஏற்கெனவே எண்ணெய் வண்ணமோ எமல்ஷனோ பூசிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அங்கே உப்புத்தாளால் தேய்த்து அதே வகை வண்ணத்தையே பூச வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கண்ணாடி அணிந்து அடியுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள், பட்டுவிட்டால் தாமதமின்றி நிறைய நல்ல நீரால் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டேயிருந்துவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

எப்போது அடிப்பது என்பதில் நமக்கு மட்டுமே உரிய ஒரு கணக்கு இருக்கிறது. பிற சமூகத்தாரின் பண்டிகைகள் ஏறத்தாழ ஒரே பருவத்தில் வருகின்றன. தைப் பொங்கலுக்கு வெள்ளையடிப்பவருக்கு மழை ஓய்ந்த மார்கழி கிடைக்கிறது. நம் ரமளான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. இப்போது அது மாசிப் பங்குனியின் காய்ந்த நாட்களில் வருவதால் 'ஷஅபானில் அடித்துக்கொள்ளலாம்' என்ற பழக்கம் பொருந்துகிறது. 2030ஆம் ஆண்டின் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு ரமளானும், அதே ஆண்டின் டிசம்பர் இறுதியில் இன்னொரு ரமளானும் வரும் என்பது நாட்காட்டிக் கணக்கு. அதற்கடுத்த ஆண்டுகளில் அது டிசம்பருக்கும் நவம்பருக்கும் நகர்ந்து, வடகிழக்குப் பருவமழைக்குள்ளேயே விழும். அப்போது ஷஅபானில் அடித்த சுவர் பெருநாள்வரை காயாது. அந்த ஆண்டுகளில் சுவர்வேலையைக் கோடையிலேயே முடித்துவிட்டு, ஷஅபானைத் துணிவேலைக்கும் துப்புரவுக்கும் ஒதுக்குவது நல்லது. வாப்பாமார்கள் இதை இப்போதே குறித்துவைக்கலாம்.

விளக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். அடுப்படியிலும் ஒளுச் செய்யும் இடத்திலும் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று, பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தைத் தரும். முதியவர் படுக்கையிலிருந்து குளியலறை செல்லும் வழியில் ஒரு சிறு இரவு விளக்கு வையுங்கள். வாசல் விளக்குச் சரம் வேண்டுமென்றால் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். ஒன்றன் வாலில் ஒன்றாகக் கோத்து ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாதீர்கள், திரைச்சீலைமீது படரவிடாதீர்கள், படுக்கும்முன் அணையுங்கள். மின்கம்பி இணைப்பு வேலை மட்டும் நம் கைவேலைக்கு உரியதல்ல. தொட்டால் சுர்ரென்கிற சுவிட்சு இருக்குமானால் எலக்ட்ரீஷியனை அழைப்பதே வழி.

இந்த வேலைகளையெல்லாம் யார் செய்வது? நம் வீடுகளில் பெருநாள் ஆயத்தம் என்றால் அது பெண்கள்மேல் விழுகிறது. நோன்புக் கஞ்சியும் இஃப்தார் பண்டமும் சஹர் சாப்பாடும் ஆக்கி, பிள்ளைகளின் உடுப்பைத் தைத்து, அதற்கிடையில் பரணிலிருந்து பாத்திரம் இறக்கித் துலக்கி, ஒட்டடை அடித்து, தலையணை உறை மாற்றி முடிக்கும்போது ரமளானின் கடைசிப் பத்து நாட்கள் கழிந்துவிடுகின்றன. லைலத்துல் கத்ரைத் தேட வேண்டிய இரவுகளில் நம் பெண்கள் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்; ஆண்கள் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருக்கிறார்கள். இதில் எங்கோ நியாயம் பிசகியிருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) விடையளித்ததாகப் புகாரியில் இருக்கிறது. செருப்பைத் தாமே தைத்ததும், ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டதும் ஹதீஸ் நூல்களில் உள்ளவை. மதீனாவில் பள்ளி கட்டப்பட்டபோது செங்கல் சுமந்தவர்களில் நபியவர்களும் ஒருவர். வாஷர் மாற்றுவதும் ஒட்டடை அடிப்பதும் பரணில் ஏறுவதும் ஆண்பிள்ளைகளுக்கு ரமளானுக்கு முன்பே ஒதுக்கப்பட வேண்டிய வேலைகள். பதினைந்து வயதுப் பையனுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தால் அவன் நாளை எந்த ஊரில் தங்கிப் படித்தாலும் அது உதவும்.

இத்தனைக்கும் பிறகுதான் அலங்காரம். இங்கேயும் வாங்குவதற்கு முன் வீட்டிலுள்ளதைப் பார்ப்போம். உம்மாவின் பெட்டியில் கட்டாமல் கிடக்கும் பருத்திச் சேலை ஒன்று, இரண்டு சன்னல்களுக்குத் திரையாகும். மிஞ்சிய துண்டில் மெத்தை உறையும், இலவம் பஞ்சு அடைத்த சிறு திண்டும் ஆகும். கரையை வெட்டி எறிய வேண்டாம். திரையின் அடிவிளிம்பாக வைத்துத் தைத்தால் அதுவே அழகு. தையல் இயந்திரம் இல்லாத மஹல்லா நம்மிடையே அரிது. வீட்டின் அமைதியான மூலை ஒன்றைத் தொழுகைக்கென்று ஒதுக்கி, முஸல்லாவும், குர்ஆன் வைக்க ஒரு சிறு பலகைத் தட்டும், பிள்ளைகள் உட்கார ஒரு கோரைப் பாயும் அமைப்பது ரமளானுக்கு ஏற்ற அலங்காரம். பத்தமடையில் இன்றும் பாய் நெய்பவர்கள் நம் சமூகத்துக் குடும்பங்களே. தங்க நிறத் தகட்டுக் காகிதத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி அங்கே போகலாம்.

பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோலும் பழைய திருமண அழைப்பிதழ்களும் கொடுத்துவிட்டால் பிறைக்கும் நட்சத்திரத்துக்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. அழைப்பிதழ் அட்டை தடிமனானது, மினுமினுப்பும் இருக்கும். ஆனால் அவற்றின் தலைப்பில் பிஸ்மியோ வசனமோ அச்சாகியிருக்கும். அந்தப் பகுதியை முதலில் பெரியவர்களே வெட்டியெடுத்து மரியாதையோடு தனியே சேர்த்துவைத்துவிட்டு, மீதியைப் பிள்ளைகளிடம் தர வேண்டும். நூலில் கோத்த அந்தத் தோரணம் கோணல்மாணலாகத்தான் தொங்கும். தொங்கட்டும். விருந்தினர் வந்ததும் 'இது நான் வெட்டியது' என்று சொல்ல ஒரு பிள்ளை இருக்கும் வீட்டுக்குக் கடைத் தோரணம் எதற்கு? மைதாப் பசையைக் கொண்டு சுவரில் ஒட்டினால் கரப்பான் வரும். கொடியில் கட்டிவிடுவது நல்லது. பெருநாள் காலையில் ஊதுபத்தியோ சாம்பிராணியோ புகைத்து, அத்தர் பூசிய பிள்ளைகள் கூடத்தில் நடமாடினால், சுவரில் என்ன வண்ணம் என்று எவரும் கவனிக்கப் போவதில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் 'எங்களுக்கு ஆணி அடிக்கவே அனுமதியில்லை' என்பார்கள். உண்மைதான். நகரங்களில் நம் பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்று சொல்லும் உரிமையாளர்களிடையே அலைந்து, கிடைத்த ஒரு வீட்டில் சுவரைக் கெடுத்துப் பேச்சு வாங்க எவரும் விரும்பமாட்டார். அவர்களுக்கும் வழியுண்டு. திருகி நீட்டினால் இரு சுவருக்கிடையே தானே இறுகி நிற்கும் திரைக் கம்பி கிடைக்கிறது. சன்னல் சட்டத்தில் வெல்க்ரோ ஒட்டி கொசுவலையைப் பொருத்தினால், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். கொசுக்கடியில்லாத தராவீஹும் உறக்கமும் வாய்க்கும். குழாய் வாஷர், மாடித் துளை ஆகியவற்றை உரிமையாளரிடம் சொல்லிவிட்டு நாமே சரிசெய்துகொடுத்தால், வீட்டைப் பேணுபவர் என்ற நற்பெயரும் கிடைக்கும்.

கடைசியாக ஒரு யோசனை, ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் இளைஞர்களுக்கும். அல்மாஊன் அத்தியாயத்தில் அற்பமான உதவிப் பொருளையும் கொடுக்காமல் தடுப்போர் கண்டிக்கப்படுகிறார்கள். அந்த 'மாஊன்' எது என்பதற்கு இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாளி, கோடரி, பானை போன்று மக்கள் தமக்குள் இரவல் கொடுத்து வாங்கும் பொருட்கள் என்று விளக்கம் தந்ததாக விரிவுரை நூல்கள் கூறுகின்றன. ஆண்டுக்கு இரண்டு நாள் வேலைக்காக ஒவ்வொரு வீடும் ஏணியும் டிரில்லும் வாங்க வேண்டியதில்லை. பள்ளிவாசலின் ஓர் அறையில் உயரமான ஏணி ஒன்று, டிரில், இரண்டு ஸ்பேனர், சுண்ணாம்புத் தொட்டி, மட்டைகள், ஒரு சைக்கிள் பம்பு, கண்ணாடி இரண்டு சோடி ஆகியவற்றை வைத்து, யார் எடுத்தார், எப்போது தந்தார் என்று குறிக்க ஒரு நோட்டும் கட்டிவிட்டால் போதும். ஒரு வீட்டில் மிஞ்சும் அரை வாளி வண்ணத்தையும் அங்கேயே ஒப்படைக்கலாம்; வீணாய் உறைந்துபோவதைவிட அடுத்த தெருவின் கதவுக்கு ஆகட்டும். ரமளானுக்கு முந்திய வாரத்தில் ஏணிக்கு நிச்சயம் வரிசை நிற்கும். அந்த வரிசையில் முதல் பெயராகக் கணவனை இழந்து தனியே பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணின் வீடு எழுதப்பட வேண்டும். ஏணியோடு இரண்டு இளைஞர்களும் போய், ஓடு மாற்றி, மாடித் துளையின் சருகை அள்ளி, குளியலறையில் அந்தக் கைப்பிடிக் கம்பியையும் பொருத்திவிட்டு வரட்டும்.